ஒரு நத்தையும் நூற்றுப்பதின்மூன்று பெயர்களும்

ஆயிரம் நாமங் கூறி இறைவனைப் பரவுதல் நம் நாட்டு வழக்கம். அளவிறந்த பொருளுக்கு ஒரு பெயர் போதாது என்று அதற்குக் காரணங் கூறுவர். ஆனால், கடலோரப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு சிறு நத்தைக்கு நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் எற்றுக்கு? 2015ஆம் ஆண்டில், கடல்வாழ் உயிர்களின் பெயர்களையெல்லாம் தொகுத்து ஒழுங்குசெய்யும் உலகப் பதிவேட்டினர் தாம் கண்ட கணக்கை வெளியிட்டனர். நூல்களில் வழங்கிய இனப் பெயர்கள் ஏறக்குறைய 4,19,000. அவற்றுள் 1,90,000க்கு மேற்பட்டவை, முன்னரே பெயர்பெற்ற உயிர்களுக்கு அறியாது மீண்டும் இடப்பட்ட பெயர்கள். இவ்வாறு பெயர்ச்சுமை தாங்கிய உயிர்களுள் முதலிடம் பெற்றது ஒரு நத்தை. அதற்கு வழங்கிய பெயர்கள் 113.

இச்செய்தியைக் கேட்டவுடன் நகை தோன்றுதல் இயல்பே. நாமும் முதலில் நகைத்தோம். பின்னர் அந்நத்தையின் வரலாற்றை ஆராயப் புகுந்தபோது நகைப்பு அடங்கி நாணம் மேலிட்டது. ஏனெனில், அப்பெயர்களை இட்டோர் செய்த பிழையையே நாமும் நம் வகுப்பறைகளில் நாள்தோறும் செய்து வருகின்றோம். அதனை எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நத்தையின் சாஸ்திரப் பெயர் லிட்டோரினா சாக்ஸாட்டிலிஸ் என்பது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் வடபாகத்தில், நார்வே, சுவீடன், பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், ஐஸ்லாந்து முதலிய தேசங்களின் பாறைக் கரைகளிலும், அவற்றிற்கு எதிரே வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலும் இது வாழ்கின்றது. கடல் ஏறி வற்றும் எல்லைக்குள், சிலபொழுது நீரிலும் சிலபொழுது வெயிலிலுமாகக் காலங்கழிக்கும். அரம் போன்ற நாவினால் பாறைமேற் படர்ந்த நுண்ணிய பாசியைச் சுரண்டி உண்ணும். முழு வளர்ச்சியுற்றதும் பெரும்பாலும் விரல்நுனி யளவினதே. சிலவிடங்களில் மிளகினளவிலேயே வளர்ச்சி முற்றிவிடும். ஒன்றன் ஓடு வழுவழுப்பாயிருக்கும். மற்றொன்றன் ஓட்டில் உழுத நிலத்து வரப்புப்போல் கோடுகள் எழுந்து நிற்கும். நிறமோ, சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள், கருமை எனப் பலபடும்; சிலவற்றில் பட்டைகளும் காணப்படும். ஒரு கரையிற் பொறுக்கியதையும் மறு கரையிற் பொறுக்கியதையும் அருகருகே வைப்பின், இரண்டும் ஓரினம் என்று எவரும் எளிதிற் சொல்லார்.

இனிப் பெயரிட்ட வரலாற்றைக் காண்போம். சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் என்பார் 1758இல் வெளியிட்ட தம் நூற்பதிப்பில், விலங்கு ஒவ்வொன்றிற்கும் பேரினப் பெயரும் இனப் பெயருமாக இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். அம்முறையைப் பின்பற்றி, இத்தாலியரான ஒலிவி என்பார் 1792இல் ஆட்ரியாட்டிக் கடலின் உயிர்களைப்பற்றி எழுதிய நூலில், வெனிஸ் நகரத்து நத்தை யொன்றைச் சாக்ஸாட்டிலிஸ், அதாவது பாறையில் வாழ்வது, என்று குறித்தார். ஐந்தாண்டு கழித்து, 1797இல், மேட்டன் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டுக் கரையில் கண்டதை ரூடிஸ், அதாவது கரடுமுரடானது, என்றார். 1803இல் மான்டேகு என்பார், இருண்ட நிறமுடைய ஒன்றை டெனெப்ரோசஸ் என்றும், வரப்புடைய ஒன்றை ஜுகோசஸ் என்றும் வழங்கினார். 1844இல் பீன் என்பார், அவற்றினும் மிகச் சிறிய ஒன்றைக் கண்டு, இதுகாறும் எவரும் பொருட்படுத்தாத நத்தை இது என்னும் பொருள்பட நெக்லெக்டா என்று பெயர் சூட்டினார். இப்படியே ஒருவர்பின் ஒருவராகப் பெயர்கள் பெருகின.

இப்பெரியோர்களைப் பேதையர் என்று எண்ணுதல் தகாது. அவர்கள் கண்ட வேற்றுமைகள் பொய்யல்ல. கரிய ஓடு கரியதே, வரப்புடைய ஓடு வரப்புடையதே. வேற்றுமையை மெய்யாகக் கண்டவர்கள், அவ்வேற்றுமைக்கு அளவுக்கு மீறிய பொருளை ஏற்றிவிட்டனர். ஓடு வேறாயின் உயிரும் வேறு என்று துணிந்தனர். அத்துணிவுக்குச் சான்று போதாது.

உயிர்களை வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் அளவுபற்றி ஆறாகப் பகுத்து, நந்து எனப்படும் நத்தையினத்தை ஈரறிவுயிர்களுள் வைக்கின்றது. அங்கே வகுத்தற்குரிய அளவுகோல் உயிரின் அறிவு, ஓட்டின் நிறமன்று. எந்த அளவுகோலைக் கையிற் கொண்டு அளக்கின்றோமோ அதற்கேற்பவே வகுப்பும் அமையும். ஆதலின், பொருளை வகுக்குமுன் அளவுகோலை ஆராய்தல் வேண்டும். இதனை நாம் மறந்து ஒருகாற் பட்ட வெட்கத்தை இங்கே கூறுதல் பொருந்தும்.

நாம் மாணவராயிருந்த காலத்தில், எம் ஆசிரியர் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று சிறு சங்குகளைப் பொறுக்கி வருமாறு பணித்தார். நம் மணற்கரைகளில், அலை மீளும் ஈர மணலில், சட்டைப் பொத்தானைப் போன்ற தட்டையான சிறு நத்தையோடுகள் ஏராளமாகக் கிடைக்கும். நாமும் நண்பர் இருவரும் அவற்றை வாரிக்கொண்டு வந்து, மேசைமேற் பரப்பி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் உழைத்துப் பிரித்தோம். வெண்மை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று, கருங்கோடுடையது ஒன்று, புள்ளியுடையது ஒன்று என ஏழு குவியல்களாக்கி, ஏழினம் என்று எழுதி ஆசிரியர்முன் வைத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் ஏழு குவியல்களையும் ஒரே கையால் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். "எல்லாம் ஒன்றே, லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட உம்போனியம் வெஸ்டியாரியம்" என்றார். பிறகு, "இவற்றுள் ஒன்றையேனும் உயிரோடு கண்டீர்களா?" என்று வினவினார். நாம் தலைகுனிந்தோம். உயிரோடு காணவில்லை, எவ்வளவு ஆழத்தில் மணலுட் புதைந்து வாழ்கின்றது, எவ்வாறு இனம் பெருக்குகின்றது என்பன ஒன்றையும் கேட்கவில்லை. ஓட்டை மட்டுமே கண்டு உயிரைத் தீர்மானித்தோம். பீனும் மான்டேகுவும் செய்ததும் இதுவே.

இனி, பாறைநத்தை இத்துணை வேற்றுருக் கொள்வதற்குக் காரணம் யாது? அஃது அதன் பிறப்பிலேயே அமைந்துள்ளது. அதன் உறவினமாகிய லிட்டோரினா லிட்டோரியா என்னும் பெருநத்தை முட்டைகளைக் கடல்நீரில் விடும். அவற்றினின்றும் வெளிவரும் நுண்ணிய இளவுயிர்கள் வாரக்கணக்காக நீரில் மிதந்து, நீரோட்டஞ் செல்லும் வழியே சென்று, தொலைவிலுள்ள கரைகளிற் சேரும். ஆதலின் ஒரு கரையின் குருதியும் மற்றொரு கரையின் குருதியும் இடையறாது கலக்கின்றன. உருவமும் பெரிதும் மாறுவதில்லை. சாக்ஸாட்டிலிஸோ முட்டைகளைத் தன்னுள்ளேயே ஒரு பையில் அடைகாத்து, ஓட்டுடன் கூடிய குஞ்சுகளை ஈனுகின்றது. அக்குஞ்சு தாயின் அருகே பாறைமேல் ஊர்ந்து திரியும். தன் வாழ்நாள் முழுவதிலும் சில மீட்டர் தொலைவே செல்லும். ஆகவே, ஒவ்வொரு பாறையும் ஒரு சிற்றூர் போலாயிற்று. தலைமுறை தலைமுறையாக அவ்வூரின் இன்னல்களுக்கேற்ப அங்குள்ள நத்தைகளின் உருவம் அமைந்தது.

அவ்வின்னல்கள் இருவகைப்படும். அலை அமைந்த கரைகளில் நண்டுகள் மிகுதி. நண்டு தன் கொடுக்கினால் ஓட்டின் வாயோரத்தைப் பற்றி உடைத்துத் தின்னும். அங்கே பருத்த உடலும், தடித்த ஓடும், குறுகிய வாயும், இடர் கண்டவுடன் உள்ளொடுங்கும் அச்சமும் உடைய நத்தைகளே பிழைக்கின்றன. அலை மோதும் பாறைகளில் நண்டுகள் அரியன. அங்கே அலையே பகை. பாறையை இறுகப் பற்றும் அகன்ற பாதமும், அதற்கேற்ற அகன்ற வாயும், பிளவுகளில் ஒதுங்கத்தக்க சிறிய உடலும், மெல்லிய ஓடும் உடையன பிழைக்கின்றன. இவ்விரு கரைகளும் சிலவிடங்களில் கூப்பிடு தூரத்திலேயே உள்ளன. இடையில் இரண்டும் கலந்து ஈன்ற கலப்புருவங்களும் காணப்படுகின்றன. ஒன்றோடொன்று கலந்து கருவுயிர்க்கும் உயிர்களைத் தனித்தனி இனமென்பது எங்ஙனம் பொருந்தும்?

இதனைக் கண்கூடாகக் காட்டிய பரிசோதனை ஒன்றுண்டு. 1988இல் சுவீடனின் மேற்குக் கரையோரத்தில் நச்சுப்பாசி பெருகியமையால், அங்குள்ள சிறு பாறைத்தீவுகளில் இந்நத்தைகள் மடிந்தொழிந்தன. 1992இல் கெர்ஸ்டின் யோஹானஸோன் என்னும் அறிஞர், முன்னர் அலைக்கரை நத்தைகள் வாழ்ந்து இப்பொழுது வெறுமையாய்க் கிடந்த அத்தகைய தீவொன்றில், நண்டுக்கரையைச் சேர்ந்த தடித்த நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார். விட்டபின் ஏறக்குறைய முப்பதாண்டுகள் அவரும் அவர்தம் துணைவரும் பொறுமையோடு கவனித்து வந்தனர். 2024இல் முடிவு வெளியாயிற்று. தடித்த நத்தைகளின் வழித்தோன்றல்கள் சிறுத்து, ஓடு மெலிந்து, வாய் அகன்று, அத்தீவில் முன்னிருந்த அலைநத்தைகளின் உருவத்தைப் பெரிதும் அடைந்துவிட்டன. ஓட்டின் உருவத்தை மட்டும் நம்பி வகுப்பவர் ஒருவர் 1992இல் ஒரு முறையும் பின்னர் ஒரு முறையும் அத்தீவிற்குச் சென்றிருப்பின், பாட்டனுக்கு ஒரு பெயரும் பேரனுக்கு மற்றொரு பெயரும் இட்டிருப்பார் அன்றோ?

இனி, மிளகளவினதாகிய அந்த நெக்லெக்டாவின் கதையைக் கேளுங்கள். பாறையிலும் படகின் அடியிலும் சுண்ணாம்புக் கூடுகளாக ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்னும் உயிரை நம் கடலோரத்தார் நன்கறிவர். டார்வின் என்னும் பேரறிஞர் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் செலவிட்டு வகுத்தது இக்கொட்டலசு வகுப்பையே. கொட்டலசு இறந்தபின் அதன் வெறுங்கூடு பாறையில் நிற்கும். அக்கூட்டினுள் அலையும் எட்டாது, வெயிலும் எட்டாது. அத்தகைய கூடுகளில் குடியிருப்பதே நெக்லெக்டா. சிறு வீட்டிற்குச் சிறு உடல் வேண்டும். சில மில்லிமீட்டர் அளவிலேயே அது முதிர்ந்து குஞ்சு ஈனத் தொடங்கிவிடும். 1844 முதல் அதனைத் தனியினமென்று கொண்டார் பலர். 1975இல் ஹெல்லர் என்பார் பிரிட்டிஷ் நத்தைகளை மீண்டும் வகுத்தபோதும் அதற்குத் தனியிடம் அளித்தார். பின்னர் இலண்டன் இயற்கைப்பொருட் காட்சிசாலையைச் சேர்ந்த டேவிட் ரீட் என்பார் 1993இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். கொட்டலசுக் கூட்டில் வாழும் குறுநத்தைகள் ஒரேயினத்தைச் சேர்ந்தன அல்ல. உறவுடைய மூன்று இனங்களும் அக்கூடுகளிற் குடிபுகுந்து அவ்வாறு குறுகுகின்றன என்பதே அது. குடியிருந்த வீட்டின் அளவை மக்கள் குலத்தின் அடையாளமாகக் கொண்டுவிட்டனர். நெக்லெக்டா என்னும் தனியினம் இல்லையென்றாயிற்று. 1996இல் ரீட் வெளியிட்ட பெருநூல், அதனையும் எண்ணிறந்த பிற பெயர்களையும் சாக்ஸாட்டிலிஸ் என்னும் பெயருள் அடக்கியது. பல பெயர்களுள் முந்தியதே நிலைபெறும் என்பது சாஸ்திர விதி. ஆதலின், ஆங்கில நூல்களில் நெடுங்காலம் வழங்கிய ரூடிஸ், ஒலிவியின் பெயருக்கு ஐந்தாண்டு பிந்தியமையால் வீழ்ந்தது.

இம்மட்டோடு கதை முடிந்திருப்பின், ‘பலவாகப் பிரித்தலே பிழை, ஒன்றாகச் சேர்த்தலே அறிவு’ என்று முடிவு கூறிவிடலாம். உண்மை அத்துணை எளிதன்று. 1978இல், பலரும் சாக்ஸாட்டிலிஸ் என்று கருதி ஒதுக்கிய நத்தைகளிடையே மற்றோர் இனம் மறைந்திருத்தல் தெரியவந்தது. ஓட்டைக் கண்டு இரண்டையும் பிரித்தல் பெரும்பாலும் இயலாது. ஓட்டினுள் இருக்கும் பெண்ணுடலைத் திறந்து நோக்கினாலோ, ஒன்றில் குஞ்சுகள் நிறைந்த அடைப்பையும், மற்றொன்றில் முட்டைகளைப் பொதிந்து வெளியிடும் கூழ்ச்சுரப்பியும் காணப்படும். முன்னது குஞ்சு ஈனுவது. பின்னது பாறைப் பிளவுகளில் கூழ்போன்ற முட்டைத் திரளை இடுவது. பின்னதற்கு ஆர்க்கானா, அதாவது மறைவானது, என்று பெயரிட்டனர். ஒலிவியின் காலமுதல் 186 ஆண்டுகள் அறிஞர் பலர் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களைப் படைத்தனர். அத்துணைப் பெயர்களும் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைச் சுற்றியே நின்றமையால், ஓட்டினுள் இருந்த உண்மையான வேற்றுமை பிடிபடவில்லை. இல்லாத இனங்களைப் பல படைத்தோர், உள்ள இனத்தைக் காணாது விட்டனர். இரு பிழைகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாய், புறத்தோற்றத்தை நம்பிய அவசரம்.

இங்கே இக்காலத்து மாணவர் ஒரு தடை எழுப்பலாம். "மரபணுவைப் படிக்கும் காலம் வந்துவிட்டது. இனி ஓட்டையும் உடலையும் ஆராய்ந்து துன்புறுவானேன்? ஒரு துளி தசையைக் கருவியில் இட்டால் இனப் பெயர் வெளிவந்துவிடாதா?" என்பர். மரபணு ஆராய்ச்சி பெருங்கொடை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதுவும் ஓர் அளவுகோலே. 2024இல், இந்நத்தைகளின் முழு மரபுத்தொகுதியையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று ஸயன்ஸ் என்னும் பத்திரிகையில் வெளிவந்தது. அவ்வாராய்ச்சியில் வரைந்த குலமரத்தில், குஞ்சு ஈனுவன யாவும் ஒரு கிளையாகவும் முட்டையிடுவன யாவும் மற்றொரு கிளையாகவும் பிரிந்து நிற்கவில்லை. மரபுத்தொகுதியின் சுமார் 50 பகுதிகளில் மட்டுமே, ஈனும் முறையோடு இயைந்த வேற்றுமை காணப்பட்டது. குஞ்சு ஈனும் இயல்பு கடந்த 1,00,000 ஆண்டுகளுக்குள், சிறிது சிறிதாகத் தோன்றி நிலைத்தது என்று அவ்வறிஞர் கணித்தனர். ஆகவே, குலமரத்தை மட்டும் கண்டு பெயரிடப் புகுந்தவர், முட்டையிடுவதையும் குஞ்சு ஈனுவதையும் வேறு பிரித்திரார். எங்கே வேற்றுமையைத் தேடவேண்டும் என்பதை, உடலைத் திறந்து நோக்கியவரும் கரையில் நின்று கவனித்தவருமே முன்னர்க் காட்டிக் கொடுத்தனர். கருவி எத்துணை நுண்ணியதாயினும், கேள்வியைக் கேட்பவன் மனிதன்.

"நத்தையை வகுத்து ஆவதென்ன?" என்று வினவுவோர்க்கும் ஒரு சொல். ஆப்பிரிக்கக் கரையை அடுத்த சான்சிபார்த் தீவில், குளங்குட்டைகளில் வாழும் புலினஸ் என்னும் பேரினத்து நத்தைகள் இரண்டு உள. இரண்டும் ஓட்டளவில் ஏறத்தாழ ஒன்றே. அவற்றுள் குளோபோஸஸ் என்பது, மக்கள் சிறுநீரிற் குருதி கலந்து வரச்செய்யும் நோய்ப்புழுவைத் தன்னுடலில் வளர்த்துப் பரப்புகின்றது. நாசூட்டஸ் என்பதோ அங்கு அந்நோயைப் பரப்புவதில்லை. எக்குளத்தில் இறங்கும் குழந்தைக்கு இடர் உண்டு என்று அறிதற்கு, இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். அங்கே நத்தையின் பெயர் பிழைப்பின் குளத்தைப் பற்றிய எச்சரிக்கையும் பிழைக்கும். பெயரிடுதல் வெறும் ஏட்டுக் கல்வியென்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இதுகாறும் கூறியவற்றால் நாம் வற்புறுத்த விழைவன சில. அவற்றை நம் கலாசாலைக்குப் பொருத்தியே கூறுகின்றோம்.

முதலாவது, பெயரை மனப்பாடஞ் செய்தலையே உயிர்நூற் கல்வியாகக் கொள்ளும் வழக்கம் ஒழியவேண்டும். செய்முறைத் தேர்வில் கண்ணாடிக் குப்பியொன்றை மாணவன்முன் வைக்கின்றோம். அவன் நொடிப்பொழுதில் பெயரெழுதிவிடின் முழு மதிப்பெண் அளிக்கின்றோம். ‘இவ்வோட்டைக் கொண்டு மட்டும் இனத்தைத் துணிய இயலாது, உடலைக் காணவேண்டும், எக்கரையில் எடுத்தது என்று அறியவேண்டும்’ என்று எழுதுபவனுக்கு யாது அளிக்கின்றோம்? பாறைநத்தையைப் பொறுத்தமட்டில் இப்பின்னவனது விடையே சரியான விடை. ஐயுறத் தெரிந்தவனைத் தண்டித்து, அவசரக்காரனுக்குப் பரிசளிக்கும் தேர்வு, நூற்றுப்பதினான்காம் பெயரை இடுவோரையே உருவாக்கும்.

இரண்டாவது, நம் காட்சிப்பேழைகளில் அழகிய சங்குகளும் சிப்பிகளும் நிறைந்துள்ளன. பெயர்ச்சீட்டுகளும் உள்ளன. ஆனால் எந்நாளில், எவ்விடத்தில், நீர்மட்டத்திற்கு எவ்வளவு மேலே, பாறையிலா மணலிலா, உயிரோடா வெற்றோடாகவா எடுத்தது என்னும் குறிப்பு எத்தனைச் சீட்டுகளில் உண்டு? ரீட் குறுநத்தைகளின் உண்மையைக் கண்டது, அவை எக்கூட்டில் வாழ்ந்தன என்னும் குறிப்பு உடனிருந்தமையால் அன்றோ? பெயர் தவறாயினும் பின்வருவோர் திருத்திக்கொள்வர். இடக்குறிப்பு இல்லாத ஓட்டை எவராலும் திருத்த இயலாது. மன்னார் வளைகுடாவைச் சேர்ந்த குருசடைத் தீவின் நத்தையினங்களைப் பற்றிச் சென்னை அரசினர் காட்சிசாலை 1952இல் வெளியிட்ட நூல் நம்மவரால் இயன்ற உழைப்பிற்குச் சான்று. ஒரு சிறு தீவை முறைப்படி ஆராய்தலே அவ்வளவு பெரிய வேலையாயின், நம் நெடுங்கரை முழுவதும் எத்தனை மாணவரை எதிர்நோக்கிக் கிடக்கின்றது! ஒவ்வொரு விடுமுறையிலும் ஊர் திரும்பும் கடலோர மாணவர், ஒரு பாறையை, ஒரு கழிமுகத்தைத் தமதாகக் கொண்டு, அங்குள்ள நத்தைகளைக் கொன்று குவியாமல், நாட்குறிப்போடு கவனித்து வருவாராயின், நாலைந்து ஆண்டுகளில் நம் கலாசாலையில் ஒரு நல்ல களஞ்சியம் அமையும்.

மூன்றாவதே தலையாயது. புதிய பெயரை இட்டவனைப் போற்றுகின்றோம். அவன் பெயரும் அவ்வினப் பெயரோடு என்றும் வழங்குகின்றது. ஒரு பெயரைத் தக்க சான்றுடன் நீக்குபவனுக்கு அத்தகைய புகழ் இல்லை. அவன் உழைப்பின் பயனாக உலகில் ஓரினம் குறைந்ததுபோலத் தோன்றும். ஆனால், முன்னவன் ஒரு மாலையில் செய்ததைப் பின்னவன் பலவாண்டு உழைத்தே நீக்கவேண்டியுள்ளது. தான் முன்பு கூறியதைத் தானே பிழையென்று கூறி மீட்டுக்கொள்பவன் இன்னும் உயர்ந்தவன். கல்வியிற் சிறந்தோர் எனப்படுவோர்க்கும் இஃது அரிய செயல். எம் ஆசிரியர் ஏழு குவியல்களையும் ஒன்றாகச் சேர்த்தபோது, எமக்கு வருத்தந் தந்தது எம் உழைப்பு வீணானது அன்று. எழுதிய ஏழு பெயர்ச்சீட்டுகளை எம் கையாலேயே கிழிக்க நேர்ந்ததே வருத்தந் தந்தது. அவ்வருத்தத்தை இளமையிலேயே பழகியவன், பிற்காலத்தில் எத்துறையிற் புகுந்தாலும், தன் துணிபைவிட உண்மையைப் பெரிதாக மதிப்பான்.

நூற்றுப்பதின்மூன்று பெயர்கள் என்னும் கணக்கைக் கண்டு, ‘இத்துணைப் பிழை செய்யும் சாஸ்திரத்தை எங்ஙனம் நம்புவது?’ என்று கேட்போரும் உளர். அப்பிழைகளைக் கண்டுபிடித்ததும் அந்தச் சாஸ்திரமே என்பதை அவர்கள் மறந்தனர். தன் பிழையைத் தானே எண்ணி, தொகை குறித்து, உலகறிய வெளியிடும் கல்வியை நம்பாது வேறு எதனை நம்புவது? நம் வாழ்விலும், ஒருவரைக் கண்ட அளவில், உடையாலும் ஊராலும் பேச்சாலும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகின்றோம். அலை மோதும் பாறையில் அவர் வாழ்ந்தாரோ, நண்டு திரியும் கரையில் வாழ்ந்தாரோ என்று வினவுவதில்லை. பாறைநத்தையின் வரலாற்றைக் கற்ற மாணவன் அத்தகைய பெயரை இடுமுன் சிறிது தயங்குவானாயின், அந்நத்தை நமக்குச் செய்த உதவி சிறிதன்று.

அலை வற்றிய பொழுதில் கரைக்குச் செல்லுங்கள். ஒரு சிறு நத்தையைக் கையில் எடுங்கள். பெயரைப் பிறகு கேட்கலாம்; அது வாழும் இடத்தை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், எடுத்த இடத்திலேயே அதனை வைத்துவிட்டு வாருங்கள்.